கணினித் திரை கண் சிமிட்டினால் என்ன செய்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பாலின் சிறப்பை நாடு நன்கு அறியும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்கு அதுவே மூலப்பொருள். பால் சங்கத்திற்குப் பால் கொண்டு வரும் விவசாயி, பாத்திரத்தைக் கவிழ்த்தவுடன் திரும்பிச் சென்றுவிடுவதில்லை. அளவு என்ன, கொழுப்பு எவ்வளவு என்பதைத் தம் கண்ணால் கண்ட பிறகே நகர்கிறார். கருவியில் எண்கள் தெளிவாகத் தெரிந்தால் அவர் மனம் நிம்மதியடைகிறது. எண்கள் மங்கி மறைந்தால் ஐயம் எழுகிறது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆயினும் காணப்படாத கணக்கில் யாருக்கும் நம்பிக்கை பிறப்பதில்லை.

இதே நியாயம் அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும். இன்று ஊராட்சிக் கணக்குகள், சான்றிதழ் விண்ணப்பங்கள், பட்டா விவரங்கள், ஆதார் திருத்தங்கள் யாவும் கணினியின் வழியாகவே நடைபெறுகின்றன. அக்கணினிகள் பலவற்றில் ஒன்றுக்கு இரண்டாகத் திரைகள் பொருத்தப்பட்டுள்ளன. அத்திரைகளில் ஒன்று விட்டு விட்டு எரியத் தொடங்கினால் அலுவல் தடைப்படுகிறது. மக்கள் காத்திருந்து திரும்புகிறார்கள். பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வந்து சேரப் பல நாட்கள் ஆகின்றன. ஆனால் இத்தகைய பழுதுகளுள் பெரும்பகுதி, தளர்ந்த கம்பியாலும் தவறான அமைப்பாலும் நேருபவையே. பொறுமையும் ஒழுங்கான முறையும் இருந்தால் அவற்றை நாமே கண்டுபிடிக்கலாம். அம்முறையை இங்கே பாடமாகத் தருகிறோம்.

இரண்டாவது திரை யாருக்காக?

ஆதார் பதிவு நிலையத்தை எடுத்துக் கொள்வோம். இந்நாட்டின் முதல் ஆதார் எண் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் மாவட்டத்து டெம்பிலி என்ற சிற்றூரில் வழங்கப்பட்டது. பதிவு செய்யும் ஊழியருக்கு ஒரு திரையும், விண்ணப்பிக்கும் குடிமக்களை நோக்கி மற்றொரு திரையும் பதிவு நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஊழியர் தட்டச்சு செய்யும் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை விண்ணப்பதாரர் உடனுக்குடன் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஓர் எழுத்து மாறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று சிலர் நினைக்கலாம். விவசாயிக்கு அது பெரிய தொல்லையாக முடியும். பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தில், பயனாளியின் பெயரும் ஆதார் விவரமும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்டாவில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் தவணை நின்றுபோகக் கூடும். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலேயே நம்மவர் பெயர்கள் இரண்டு மூன்று வடிவங்களைப் பெற்றுவிடுகின்றன. அத்தகைய பிழையைத் தோன்றும்போதே தடுக்கவல்லது அந்த இரண்டாவது திரைதான்.

திரை சிமிட்டுகிறது என்பதற்காக அதை அணைத்து ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒரே திரையில் வேலையை முடிக்கலாம் என்ற எண்ணம் எளிதில் எழும். அது தவறு. அத்திரை அலுவலகத்துக்கு அலங்காரமாக வைக்கப்பட்டதன்று. குடிமக்களின் உரிமைக்காக வைக்கப்பட்டது. பழுது நீங்கும் வரையில், ஊழியர் தம்முடைய திரையையே விண்ணப்பதாரர் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் ஒவ்வொரு விவரத்தையும் உரக்கப் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே பதிவை முடிக்க வேண்டும்.

திரையில் படம் நிற்பது எப்படி?

பழுதை அறிய வேண்டுமானால் முதலில் இயல்பை அறிய வேண்டும். சினிமாக் கொட்டகையில் ஓடும் படச்சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் கடந்து செல்கின்றன. கண் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காணாமல், ஒரே ஓட்டமாகக் காண்கிறது. கணினித் திரையும் அவ்வாறே தன் படத்தை இடைவிடாமல் புதுப்பித்துக் கொண்டிருக்கிறது. நம் அலுவலகத் திரைகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பவை. சில 75 முறை புதுப்பிப்பவை. இதனைப் புதுப்பிப்பு வேகம் என்போம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். வழக்கமான திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள் வரும். விநாடிக்கு 60 முறை என்றால் 12 கோடியே 44 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறம், ஒரே விநாடியில் கணினியிலிருந்து திரைக்குச் செல்ல வேண்டும். இவ்வளவும் விரல் பருமனுள்ள ஒரு கம்பிவடத்தின் வழியே பாய்கின்றன. வடத்தின் முனையில் ஓர் ஊசி தளர்ந்தாலும் படம் ஏன் தடுமாறுகிறது என்பது இதனால் விளங்கும்.

திரைக்கு இரண்டு உணவுகள் தேவை. ஒன்று மின்சாரம், மற்றொன்று படச் செய்தி. மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. படச் செய்தி கணினியிலிருந்து வருகிறது. எந்தச் சிமிட்டலும் இவ்விரண்டில் ஒன்று தடைப்படுவதாலோ, திரையே நலிவதாலோதான் உண்டாகிறது. இதை மனத்தில் இருத்திக் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிமிட்டல் பல வகை

எல்லாச் சிமிட்டலும் ஒன்றல்ல. மருத்துவர் காய்ச்சலைக் கண்டவுடன் மருந்து எழுதுவதில்லை. எப்போது வருகிறது, குளிரோடு வருகிறதா என்று விசாரிக்கிறார். நாமும் முதலில் கால் மணி நேரம் திரையை உற்றுப் பார்க்க வேண்டும்.

படம் முழுவதும் கறுத்து, இரண்டு மூன்று விநாடிகளில் மீண்டும் வந்தால், படச் செய்தி அறுந்து அறுந்து வருகிறது என்று கொள்ளலாம். வடமோ, இடையிலுள்ள மாற்றியோ, செருகும் துளையோ ஐயத்துக்குரியது.

படம் அப்படியே நிற்க, வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தால், திரையின் பின்விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ நலிந்திருக்கலாம். சில திரைகளில் வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்தாலும் இவ்வாறு தோன்றும். வெளிச்சத்தை உயர்த்தியதும் நின்றுவிடும்.

நிறம் மாறி மாறி வந்தால் பழைய நீலத் தலையுள்ள விஜிஏ வடத்தைப் பார்க்க வேண்டும். அதில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனி ஊசிகளில் வருகின்றன. நீலம் அறுந்தால் திரை மஞ்சளிக்கும். பச்சை அறுந்தால் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் படரும். சிவப்பு அறுந்தால் நீலப்பச்சை தோன்றும். திரை மஞ்சளித்து மஞ்சளித்துத் தெளிந்தால், நீல ஊசி வளைந்தோ தளர்ந்தோ இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

அகன்ற பட்டை ஒன்று மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ மெல்ல நகர்ந்தால், மின்சாரத்தின் நில இணைப்பைச் சோதிக்க வேண்டும். இதைப் பின்னர் விளக்குவோம்.

கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துப் பார்க்கையில் மட்டும் கோடுகள் ஓடினால் அது பழுதன்று. கைப்பேசியின் படவேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாததால் விளையும் தோற்றம் அது. கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலுக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டு திரைகள் இருப்பதால் வரும் குழப்பம்

ஒரு திரை மட்டும் உள்ள கணினியில் காணாத ஒரு விந்தை, இரு திரைக் கணினியில் உண்டு. கணினி தன்னோடு எத்தனை திரைகள் இணைந்துள்ளன, அவை எத்தகையவை என்பதை வடத்தின் வழியாகவே கேட்டறிகிறது. ஒரு திரையின் வடம் ஒரு கணம் விட்டுப் போனால், அத்திரை நீங்கிவிட்டதாகக் கணினி எண்ணிக் கொள்கிறது. உடனே எஞ்சிய திரைக்கு ஏற்பப் படத்தை மாற்றியமைக்கிறது. மறுகணம் வடம் ஒட்டிக் கொண்டால் மீண்டும் இரு திரைகளுக்கு அமைக்கிறது. இவ்வாறு மாற்றியமைக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல திரையும் ஒரு கணம் கறுத்துவிடும்.

ஆகவே, ஒரு திரையின் தளர்ந்த வடத்தால் இரண்டு திரைகளும் சிமிட்டலாம். ‘இரண்டும் சிமிட்டுகின்றன, ஆகையால் கணினியே கெட்டது’ என்று முடிவு கட்டிப் புதுக் கணினிக்கு விலைப்புள்ளி கோருவது அவசரமான செயல். ஒரு துளி எண்ணெயும் ஒரு முறுக்கும் போதுமான இடத்தில் புது மோட்டாரே வாங்குவது போன்றது அது.

மடையிலிருந்து வயல் வரை

கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி என்ன செய்கிறார்? முதலில் மடை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று நோக்கிக் கொண்டே தம் வயலுக்கு வருகிறார். இடையில் ஓரிடத்தையும் விடுவதில்லை. திரையின் பழுதையும் அதே வரிசையில் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் என்ன நேர்ந்தது என்று குறித்துக் கொள்ள வேண்டும். நான்கைந்தை ஒரே சமயத்தில் மாற்றினால் சிமிட்டல் நின்றாலும் காரணம் தெரியாது. மறுமுறை வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

1. திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திரையின் விளிம்பிலும் சிறு பொத்தான்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை அழுத்தினால் வெளிச்சம் முதலியவற்றை மாற்றும் பட்டியல் தோன்றும். அப்பட்டியலைக் கணினி அனுப்புவதில்லை. திரை தானே வரைகிறது. பின்னால் உள்ள படம் சிமிட்ட, பட்டியல் அசையாமல் நின்றால் திரை நலமாக உள்ளது. பழுது வடத்திலோ கணினியிலோ இருக்கிறது. பட்டியலும் சேர்ந்து மங்கித் துடித்தால் திரையின் மேலோ அதன் மின்சாரத்தின் மேலோ ஐயம் கொள்ளலாம். படம் முழுவதும் அறுந்து கறுக்கும் வகையில் மட்டும் இச்சோதனை தெளிவான விடை தராது. அதற்கு அடுத்த படிகள் உதவும்.

2. கணினியையும் திரைகளையும் அணைத்து, மின்சார வடங்களைத் திரையிலும் சுவரிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். ஒரே நீட்டிப்புப் பலகையில் மின்விசிறி, அச்சுப்பொறி, தண்ணீர் சூடாக்கும் கெண்டி ஆகியவையும் சேர்ந்திருந்தால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

3. படவடத்தைக் கழற்றி முனையைப் பாருங்கள். வளைந்த ஊசி, பச்சை பூத்த களிம்பு, தூசி, எறும்பு ஆகியவை உள்ளனவா என்று கவனியுங்கள். மீண்டும் நேராகச் செருகி, விஜிஏ வடமாயின் இருபுறத் திருகுகளையும் கையால் இறுக்குங்கள். எச்டிஎம்ஐ வடத்துக்குத் திருகு இல்லை. மேசைக்குக் கீழே அது தொங்கிக் கொண்டிருந்தால் அதன் எடையே அதை மெல்ல இழுத்துத் தளர்த்திவிடும். ஆகவே வடத்தை மேசைக் காலோடு தளர்வாகக் கட்டி வையுங்கள்.

4. ஒரு திரையை மட்டும் வைத்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு திரையைக் கழற்றியவுடன் சிமிட்டல் அறவே நின்றால், கழற்றிய திரையின் பாதையில்தான் பழுது உள்ளது.

5. இரு திரைகளின் வடங்களையும் திரைப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். சிமிட்டல் பழைய திரையிலேயே தொடர்ந்தால் பழுது அத்திரையில் உள்ளது. சிமிட்டல் மற்றத் திரைக்குத் தாவினால், பழுது வடத்திலோ கணினியின் துளையிலோ உள்ளது. அப்போது அவ்வடத்துக்குப் பதிலாக நல்ல வடம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் பழைய வடம் குற்றவாளி. நிற்காவிட்டால் கணினியின் துளையும் அதன் பின்னுள்ள பகுதியும் பழுது பார்ப்பவருக்கு உரியவை.

இரு வடங்களும் வெவ்வேறு வகையாக இருந்து மாற்றிச் செருக இயலாவிட்டால், பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு திரையையும் ஒரு வடத்தையும் ஒரு நாளைக்கு இரவலாகப் பெற்று இதே சோதனையைச் செய்யலாம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வட்டத் தலைநகரங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் உள்ள ஊர்கள். இவ்விரு ஒன்றியங்களைச் சேர்ந்த ஊராட்சிகள் தமக்குள் பேசி, சோதனைக்கென்று நல்ல வடங்கள் இரண்டை ஒன்றிய அலுவலகத்தில் வைத்துக் கொண்டால் பலருக்கும் பயன்படும். சில நூறு ரூபாய் பெறும் வடம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கக் கூடும்.

மாற்றிகளைப் பற்றி ஒரு சொல்

பழைய திரையில் விஜிஏ துளையும் புதிய கணினியில் எச்டிஎம்ஐ துளையும் இருந்தால் இடையில் சிறு மாற்றி ஒன்றைப் பொருத்துகிறோம். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. மாற்றி மொழிபெயர்ப்பாளர் போல நடுவே நின்று இடைவிடாமல் உழைக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் கணினியின் துளையிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. தரம் குறைந்த மாற்றி விரைவில் சூடேறிச் சோர்ந்துவிடும். காலையில் நன்றாக இருந்து பிற்பகலில் சிமிட்டும் திரைக்கு இது அடிக்கடி காரணமாகும். கை வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாத சூடு இருந்தால் மாற்றியை மாற்றுங்கள். மாற்றியே தேவைப்படாதபடி, கணினியும் திரையும் ஒரே வகைத் துளை உடையனவாகப் பார்த்து வாங்குவது அதனினும் நன்று.

மின்சாரமும் நில இணைப்பும்

நம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் 230 வோல்ட் அழுத்தத்தில், விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மின்சாரம் வருகிறது. ராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள் மிகுதி. சுற்றிலுமுள்ள கிராமங்களில் கிணற்று மோட்டார்கள் இயங்குகின்றன. பெரிய மோட்டார் ஒன்று புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அதே வழித்தடத்தில் உள்ள விளக்குகள் ஒரு கணம் மங்குவதை நாம் அறிவோம். நல்ல நிலையிலுள்ள திரை இச்சிறு தாழ்வைத் தாங்கிக் கொள்ளும். செருகி தளர்ந்தோ மின்பகுதி நலிந்தோ உள்ள திரை தாங்காது. ஆகவே திரை சிமிட்டும்போதெல்லாம் அறையின் விளக்கும் மங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்து நடந்தால் வழக்கு கணினியினுடையது அன்று, மின்சாரத்தினுடையது.

ஓர் அறையில் விளக்கு மிகையாக ஒளிர, மற்றோர் அறையில் மங்கினால் உடனே முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நியூட்ரல் கம்பி விட்டுப் போயிருக்கலாம். திரை மட்டுமின்றி அலுவலகத்திலுள்ள எல்லாச் சாதனங்களும் எரிந்துபோகக் கூடிய ஆபத்து அது.

இனி, நகரும் பட்டையைப் பார்ப்போம். கணினி ஒரு சுவரிலும் இரண்டாவது திரை எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டுள்ளன என்று வைத்துக் கொள்வோம். இரு சுவர்களின் நில இணைப்பும் ஒன்றுபோல் இல்லாவிடில், அவற்றுக்கிடையே ஏற்படும் சிறு மின்னழுத்த வேறுபாடு படவடத்தின் வழியே ஓடிப் படத்தைக் கலக்கும். விஜிஏ வடத்தில் இது தெளிவாகத் தெரியும். கணினியையும் இரு திரைகளையும் மூன்று துளைகள் உள்ள ஒரே நல்ல பலகையில் செருகினால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். மூன்றாவது ஊசியை ஒடித்துவிட்டு இரண்டு துளைச் செருகியில் செருகும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அந்த ஊசி உயிர் காப்பது.

நில இணைப்புக் குழியையும் மறந்துவிடலாகாது. உப்பும் கரியும் இட்டுப் புதைத்த குழி, ஈரம் உள்ள வரையில்தான் நன்கு வேலை செய்யும். சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்தால் அதன் ஆற்றல் குறையும். மோட்டார் அறைக் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் விவசாயிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகக் குழிக்கும் தண்ணீர் ஊற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

அமைப்பும் மென்பொருளும்

கம்பிகள் யாவும் சரியாக இருந்தும் சிமிட்டல் தொடர்ந்தால் கணினியின் உள் அமைப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் வெற்றுத் திரைமேல் வலது பொத்தானை அழுத்தி ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, அதில் ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’ என்ற பகுதிக்குச் சென்றால் ஒவ்வொரு திரையின் புதுப்பிப்பு வேகமும் தெரியும். ஒன்று 75, மற்றொன்று 60 என்று இருந்தால் இரண்டையும் 60-க்குக் கொண்டு வாருங்கள். 59 என்று ஏதேனும் எண் காட்டினாலும் அச்சம் வேண்டாம். அதுவும் ஏறத்தாழ அறுபதே.

இரு திரைகளிலும் ஒரே படம் காட்டும் முறையில் வேலை செய்யும்போது இரண்டுக்கும் பொதுவான அளவையே கணினி தேர்ந்தெடுக்கும். ஒன்று பழைய சிறிய திரை, மற்றொன்று புதிய பெரிய திரை என்றால் ஏதேனும் ஒன்றில் எழுத்து மங்கலாகத் தெரிவது இயல்பே. அது சிமிட்டல் அன்று. இயன்றவரை ஒரே அளவுள்ள இரு திரைகளை வாங்குவதே இதற்குப் பரிகாரம்.

அடுத்தபடியாக, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பலகை தோன்றும். சிமிட்டல் நேரத்தில் இப்பலகையும் சேர்ந்து சிமிட்டினால், படம் வரையும் பகுதியை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளில் கோளாறு இருக்கலாம். பலகை அசையாமல் நிற்க, மற்றவை மட்டும் சிமிட்டினால், திறந்திருக்கும் ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகவில்லை என்பது பொருள். செயலிகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். விண்டோஸ் தானே புதுப்பித்துக் கொண்ட மறுநாளிலிருந்து சிமிட்டல் தொடங்கியிருந்தால், ‘டிவைஸ் மேனேஜர்’ வழியாக டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். இதைப் பயிற்சி பெற்ற ஊழியரே செய்ய வேண்டும். தெரியாத இணையதளங்களிலிருந்து டிரைவர்களை இறக்கக் கூடாது. கணினியையோ அதன் படப்பகுதியையோ தயாரித்த நிறுவனத்தின் தளமே உரிய இடம்.

தனியாகப் படஅட்டை பொருத்திய கணினியில் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு திரையைப் படஅட்டையிலும் மற்றொன்றைத் தாய்ப்பலகையின் துளையிலும் செருகினால், இரு வேறு பகுதிகள் படம் வரைய நேர்ந்து தடுமாற்றம் உண்டாகலாம். இரண்டையும் படஅட்டையிலேயே செருகுவது நன்று.

செய்யத் தகாதவை

திரையின் பின்மூடியை நாம் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய குழாய்த் திரைகளில் உயிருக்கே ஆபத்தான அழுத்தம் இருக்கும்.

திரையைத் தட்டிப் பார்ப்பது சிலருக்கு வழக்கம். தட்டினால் நின்றது என்றால் உள்ளே ஏதோ ஒட்டும் ஒட்டாமலும் இருக்கிறது என்று பொருள். குணமாயிற்று என்று பொருளன்று.

ஈரத் துணியால் செருகு துளைகளைத் துடைக்கலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இடியும் மின்னலும் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், அலுவலகத்தைப் பூட்டும் முன் செருகிகளைக் கழற்றி வைப்பது நலம். விசையை அணைத்தால் மட்டும் போதாது.

குறிப்பேடும் பொறுப்பும்

சிமிட்டலைக் குறிக்க ஒரு சிறு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். நாள், நேரம், எந்தத் திரை, எவ்வகைச் சிமிட்டல், அப்போது மோட்டார் ஓடியதா, விளக்கு மங்கியதா, கடைசியாக என்ன மாற்றினோம் என்ற விவரங்கள் போதும். பத்து நாள் குறிப்பைப் பார்த்தாலே பல சமயம் காரணம் தானாகப் புலப்படும். தினமும் காலை பதினொரு மணிக்கு வரும் சிமிட்டலுக்கும், மழை நாளில் மட்டும் வரும் சிமிட்டலுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது. பழுது பார்ப்பவர் வரும்போது இக்குறிப்பைக் காட்டினால் அவருடைய நேரமும் நமது பணமும் மிச்சமாகும். வாங்கிய ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் அதே ஏட்டில் ஒட்டி வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இலவசமாகச் சரியாக வேண்டிய திரைக்கு, சீட்டுக் காணாமற் போனதால் செலவு செய்வது பொதுப் பணத்தை வீணாக்குவதாகும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் உலக நீர் நாளான மார்ச் 22-ம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு முறை கூடுகிறது. அச்சபைகளில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பேசப்படுகின்றன. அலுவலகக் கணினியும் தெருவிளக்கைப் போன்ற பொதுச் சொத்தே. ‘எங்கள் விவரம் பதிவாகும்போது எங்கள் கண்ணில் படும்படி திரை இருக்கிறதா? அது தெளிவாகத் தெரிகிறதா?’ என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அதற்கு ஆம் என்று விடை சொல்லும் நிலையில் அலுவலகத்தை வைத்திருப்பது பொறுப்பிலுள்ளோரின் கடமை.

பால் அளவைக் கண்ணால் கண்டு நிம்மதியுடன் வீடு திரும்பும் விவசாயி, தம் பெயரையும் நிலத்தையும் பற்றிய பதிவையும் அவ்வாறே கண்டு திரும்ப வேண்டும். தளர்ந்த வடம் ஒன்றை இறுக்குவது சிறிய வேலைதான். அதைக் காலத்தில் செய்தால் ஒரு குடும்பத்தின் தவணைப் பணமும் ஓர் அலுவலகத்தின் நற்பெயரும் காக்கப்படும். அவ்வேலையை இன்றே தொடங்குவோம்.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. நமது அலுவலகத்தில் விண்ணப்பதாரர் பார்க்கும்படியான திரை உள்ளதா? அது எந்த இடத்தில், எந்தப் பக்கம் நோக்கி வைக்கப்பட்டுள்ளது?

2. இரண்டு திரைகளும் ஒரே சமயத்தில் கறுத்தால், கணினிதான் கெட்டது என்று ஏன் முடிவு செய்யலாகாது?

3. திரையின் சொந்தப் பட்டியல் அசையாமல் நிற்க, படம் மட்டும் சிமிட்டுகிறது. பழுது எங்கே இருக்கலாம்?

4. நமது அலுவலகத்தின் நில இணைப்புக் குழி எங்குள்ளது? அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?

5. திரை பழுதான நாளில் பெயர்ப் பதிவு நடந்தால், பிழை நேராதிருக்க நாம் என்ன ஏற்பாடு செய்வோம்?